முப்பத்திரண்டு எட்டு தூரம்

நாகபுரி
4-3-1934

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சக்ரவர்த்தி நமஸ்காரம் செய்து எழுதியது. இங்கே நானும் ஹேமாம்புஜமும் குழந்தை முரளீதரனும் பெருமாள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். தை மாதம் உனக்கு வந்த முழங்கால் வலி விட்டதா என்று நீ எழுதவே இல்லை.

ஒரு சின்ன உதவி வேண்டும். எங்கள் ஆபீஸ் பெரிய துரை பெல்லமிக்குப் பறவைப் பித்து. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். பறவை பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒரு ஏடு அச்சிடுகிறார்கள். அதற்கு அவர்தான் ஆசிரியர். போன வாரம் கையெழுத்துக்குக் காகிதக் கட்டைக் கொண்டு போனபோது, "ஐயங்கார், உங்கள் பக்கத்தில் ஆள்காட்டி உண்டா? ஒரு ஜாதியா, இரண்டு ஜாதியா?" என்று கேட்டார். எனக்குத் தெருவில் போகிற காக்கையே சரியாகத் தெரியாது. உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ கல்லூரியில் பிராணி சாஸ்திரம் படித்தவள். திருப்புட்குழி நிலத்துக்கும் அடிக்கடி போய்வருகிறாய். தெரிந்ததை நாலு வரி எழுதினால் என் மானம் பிழைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சக்ரவர்த்தி

சின்னக் காஞ்சீபுரம்
18-3-1934

சிரஞ்சீவி சக்ரவர்த்திக்கு அக்கா குமுதவல்லி ஆசீர்வாதம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. படி ஏறும்போது மட்டும் தன்னை நினைவுபடுத்துகிறது. ஹேமாவும் குழந்தையும் அந்த ஊர் வெயிலைத் தாங்குகிறார்களா?

இத்தனை வருஷம் அந்த நிலத்துக்குப் போய்வந்தும், ஆள்காட்டி கத்தினால் யார் வருகிறார்கள் என்றுதான் பார்த்திருக்கிறேன். கத்தினதைப் பார்த்ததில்லை. நேற்று அதற்காகவே பாலுசெட்டி சத்திரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தேன்.

நம் நிலத்தைப் பங்குக்குப் பயிரிடும் துரைக்கண்ணுவின் மனைவி தேவகி களைக்கொட்டோடு எதிரே வந்தாள். "இன்னா டீச்சரம்மா, சாவி கீவி தொலஞ்சி போச்சா? குனிஞ்சிக்கினே போறீங்க" என்றாள். ஆள்காட்டி பார்க்க வந்தேன் என்றேன். "அத்தப் பாக்க எதுக்குக் குனியணும்? அதுதான் உங்களப் பாத்து ஊரையே கூட்டிக்கினு இருக்குதே" என்று சிரித்தாள்.

இரண்டு ஜாதி உண்டு. ஏரிக்கரையில் இருப்பது சற்றுப் பெரியது. தலை, கழுத்து, மார்பு எல்லாம் கறுப்பு. கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதைமடிப்பு. வாய் ஓயாது. உழாமல் கிடக்கும் கல்லாங்கரம்பில் இருப்பது சிறியது, மண் நிறம். தலையில் கறுப்புக் குல்லாய், அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு. அதற்குச் சதைமடிப்பு மஞ்சள். கீச்சென்று மெல்லிய குரல். இரண்டுக்கும் கால் மட்டும் ஒரே மஞ்சள்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் தெருவில் நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ணம் இட்ட தென்கலையாரும் மஞ்சள் இட்ட வடகலையாரும் முறைத்துக்கொண்டு நிற்பது போலவே இருந்தது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பதினெட்டு வயதில் கைம்பெண்ணானவளை அப்பா யார் பேச்சையும் கேட்காமல் சென்னைக்கு அனுப்பிப் பி.ஏ. படிக்க வைத்தார். அந்தப் படிப்பைக் கொண்டு பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் பூவின் பாகங்களை வரைகிறேன். நானே பார்த்து நானே எழுதியது என்று ஒரு பக்கம் கிடையாது. இந்தக் கோடை முழுவதும் இந்தப் பறவைகளைப் பார்த்து, ஆனி முடிவில் இங்கிலீஷில் நானே எழுதி அனுப்புகிறேன். துரையிடம் கொடு. தகுதியிருந்தால் என் பெயரோடு அந்த ஏட்டில் வரட்டும். அதுவரை நான் எழுதுவதெல்லாம் உனக்கு மட்டும்.

அன்புடன்,
குமுதவல்லி

நாகபுரி
2-4-1934

அக்காவுக்கு நமஸ்காரம். எல்லாரும் சுகம். முரளிக்கு இரண்டு நாள் ஜுரம் வந்து தணிந்தது.

உன் கடிதத்தைக் கண்டு துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்றார் என்றால் நம்புவாயா? சில கேள்விகள் கேட்டார். முட்டை எத்தனை? எந்த மாதம்? கூடு எப்படி? முக்கியமாக, இரண்டும் ஒரே நிலத்தில் கலந்து இருக்கின்றனவா, இல்லை தனித்தனியாகவா? கடைசிக் கேள்விக்குத் திட்டவட்டமான பதில் வேண்டுமாம். சீக்கிரம் எழுது.

ஹேமா, பிள்ளையார்பாளையத்தில் சொன்ன அரக்கு நிறப் புடவை தறியிலிருந்து இறங்கிவிட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

சக்ரவர்த்தி

சின்னக் காஞ்சீபுரம்
6-5-1934

சிரஞ்சீவி சக்ரவர்த்திக்கு ஆசீர்வாதம். முரளியின் ஜுரம் முழுவதும் விட்டதா? ஹேமாவின் புடவையில் இன்னும் முந்தானை பாக்கி. நெசவுகாரர் வீட்டில் கல்யாணம்.

பள்ளிக்கூடம் விடுமுறை. வாரத்தில் மூன்று நாள் போகிறேன். தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பராங்குசம் மாமா வழிமறித்து, "குருவி பார்க்க ஒரு பெண்பிள்ளை தனியாக எட்டு மைல் போவாளோ?" என்றார். "குருவி இங்கே வர மாட்டேன் என்கிறது மாமா, நான் என்ன செய்வேன்?" என்றேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் பஞ்சாங்கம் பார்க்கிறார்.

ஊரார் சிவப்பு மூக்கு என்கிற பெரியதின் கூடு மூன்று பார்த்தேன். மூன்றும் ஏரி நீருக்கு அருகில். மஞ்சள் மூக்கின் கூடு இரண்டு. இரண்டும் கரம்பில். கூடு என்பது பெயருக்குத்தான். தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிக் கூழாங்கல்லும் ஆட்டுப் புழுக்கையும். நான்கு முட்டை, கூர்முனைகள் உள்நோக்கி. மண்ணின் நிறம், கறுப்புத் திட்டு. மிதிக்கிற வரை தெரியாது. நடுப்பகலில் தாய் தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் உட்காருகிறது. இது இரண்டுக்கும் பொது.

ஆள் வந்தால் சிவப்பு தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. மஞ்சள் சத்தமில்லாமல் எழுந்து, தாழ ஓடி, வேறு எங்கோ போய் உட்கார்ந்து, அங்கேதான் கூடு என்று நம்மை நம்ப வைக்கிறது.

உன் துரை கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை. கலப்பதே இல்லை. சிவப்புக்கு ஏரிக்கரை, மஞ்சளுக்குக் கரம்பு. நடுவில் நம் வேர்க்கடலை நிலம் எல்லைக்கோடு. நம் தெருவில் பிறந்தவளுக்கு இதில் ஆச்சரியம் என்ன? எத்தனை நாள் பார்த்தாலும் இதுதான்.

என் பெயரைப் பற்றித் துரையிடம் சொன்னாயா? போன கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

அன்புடன்,
குமுதவல்லி

நாகபுரி
22-5-1934

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே அனல். குழந்தை நன்றாக விளையாடுகிறான்.

குறிப்புகள் கிடைத்தன. மிகவும் போதும். இனிமேல் வெயிலில் அலையாதே. முழங்காலும் இருக்கிறது, பராங்குசம் மாமாவும் இருக்கிறார். வைகாசி கருட சேவைக்கு ஜனம் எப்படி? வேலை அதிகம், ஆகையால் இத்துடன் நிறுத்துகிறேன்.

சக்ரவர்த்தி

சின்னக் காஞ்சீபுரம்
24-6-1934

சிரஞ்சீவி சக்ரவர்த்திக்கு ஆசீர்வாதம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எல்லாரும் சௌக்கியம்தானே?

இதை அவசரமாக எழுதுகிறேன். இரண்டும் கலப்பதில்லை என்று எழுதினேனே, அது தவறு. யாரிடமாவது சொல்லியிருந்தால் உடனே மாற்றிச் சொல்லிவிடு.

பத்து நாள் முன்னால் நல்ல கோடை மழை. கரம்பின் நடுவில் ஒரு குட்டையில் தண்ணீர் நின்றது. நேற்றுப் போனபோது குட்டை ஓரத்தில் ஒரு சிவப்பு மூக்கு அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று திரும்பினால் காலடியிலிருந்து மஞ்சள் மூக்கு எழுந்து ஓடியது. அதன் பள்ளத்தில் நான்கு முட்டை. இரண்டு கூட்டுக்கும் நடுவே எட்டு வைத்து அளந்தேன். முப்பத்திரண்டு. நம்பாமல் திரும்ப அளந்தேன். அதே முப்பத்திரண்டு.

அந்தச் சமயம் புதரிலிருந்து ஒரு கீரி வந்தது. சிவப்பு முதலில் எழும்பிப் பாய்ந்தது. அடுத்து மஞ்சள். பிறகு இரண்டின் ஜோடிகளும் வந்து, நான்கு பறவைகளும் சேர்ந்து, எது எவருடைய கூடு என்ற கணக்கே இல்லாமல், அந்தக் கீரியை வரப்பு தாண்டி விரட்டின.

கூட வந்திருந்த தேவகி என் பக்கத்தில் வந்தாள். "இது எப்போதும் உண்டா?" என்று கேட்டேன்.

"குட்டையில தண்ணி நின்னா வருசா வருசம் உண்டும்மா."

"பின்னே ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீங்க எங்க கேட்டீங்க? இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்னு நீங்களே சொல்லிக்கினு, நீங்களே எழுதிக்கினு இருந்தீங்க. படிச்சவங்க சொல்றாங்க, நமக்கு இன்னான்னு இருந்துட்டேன்."

ராத்திரி அதையே யோசித்தேன். சிவப்பைத் தேடினால் ஏரிக்கரைக்கு மட்டும் போயிருக்கிறேன். மஞ்சளைத் தேடினால் கரம்புக்கு மட்டும். தேடாத இடத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். வேறு ஊரில் பிறந்தவளாக இருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. மூக்கில் சிவப்பையும் மஞ்சளையும் கண்டவுடனே இரண்டும் ஒரு வாசலில் நிற்காது என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று மாதம் பார்த்தது பறவையை அல்ல, நம் தெருவைத்தான்.

இனித்தான் சரியாக எழுத வேண்டும். பதில் போடு.

அன்புடன்,
குமுதவல்லி

நாகபுரி
14-7-1934

அக்காவுக்கு ஹேமாம்புஜம் சேவித்து எழுதிக்கொண்டது. இங்கே மூவரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தை அறிய ஆவல். முரளி மூன்று பல் காட்டிச் சிரிக்கிறான்.

உங்களுக்கு எழுத வேண்டாம், நானே சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. உங்கள் தம்பியின் பெயர் அச்சில் வந்துவிட்டது. ஆள்காட்டியைப் பற்றி இரண்டு பக்கம். அடியில் இவர் பெயர், பெரிய எழுத்தில். வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டிக் காட்டி, புஸ்தகம் அந்த இடத்தில் தானாகத் திறந்துகொள்கிறது. காஞ்சீபுரத்தில் இரண்டும் ஒருபோதும் கலப்பதில்லை என்று ஒரு வரி இருக்கிறதாம். துரை அதைத் தன் சிநேகிதர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினாராம். தலைமை குமாஸ்தா இடம் தையில் காலியாகிறது. எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார்.

இவருக்கு இவ்வளவு பறவை ஞானம் உண்டென்று எனக்கே தெரியாது அக்கா. போன வாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த புறாவை இவர் கழுகு என்றார்.

உங்களிடமிருந்து போன மாதம் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டால் வயிறு சரியில்லை என்கிறார். நீங்கள் ஏதாவது மருந்து எழுதுங்கள்.

ஹேமாம்புஜம்

சின்னக் காஞ்சீபுரம்
21-7-1934

சக்ரவர்த்திக்கு ஆசீர்வாதம். ஹேமா எழுதியிருந்தாள். அவள்மேல் கோபப்படாதே. அவள் சந்தோஷத்தில் எழுதினாள்.

பெயரைப் பற்றி மார்ச்சிலும் கேட்டேன், மே மாதத்திலும் கேட்டேன். நீ புடவையைப் பற்றியும் கருட சேவையைப் பற்றியும் எழுதினாய். அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இதற்காக இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் எழுந்து குளித்துவிட்டு யோசித்தேன். உன்மேல் உள்ள வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது நமக்குள். ஆனால் பொய்யான ஒரு வரி அச்சில் நிற்கிறது. நாளைக்கு யாரோ ஒருவர் அதைப் படித்து, நம்பி, தம் புஸ்தகத்தில் எழுதுவார். அவரைப் படித்து இன்னொருவர். அந்த வரி என் கையிலிருந்து போனது. அதைத் திரும்ப எடுக்க வேண்டியவள் நான்தான்.

திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறேன், என் பெயரில். ஆவணி பிறக்கிற அன்று நேராக உன் துரையின் விலாசத்துக்குத் தபாலில் சேர்ப்பேன். இன்னும் நாலு வாரம் இருக்கிறது. அது போய்ச் சேருவதற்குள் நீயாகப் போய்ச் சொல்லிவிட்டால் உனக்கு நல்லது. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அனுப்புவது நிச்சயம்.

வயிற்றுக்கு ஓமத்தை வறுத்துக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்.

குமுதவல்லி

நாகபுரி
4-8-1934

அக்காவின் பாதங்களில் நமஸ்காரம். குழந்தை சுகம். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. உன் முதல் கடிதத்தை இங்கிலீஷில் பெயர்த்து மேஜைமேல் வைத்தேன். துரை படித்துவிட்டு, "பிரமாதம் ஐயங்கார், இத்தனை நாள் இதை ஏன் மறைத்து வைத்தீர்?" என்றார். அந்த நிமிஷத்தில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆபீஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லுவது கஷ்டமாகிவிட்டது.

அக்கா, ஒரு குருவி எங்கே முட்டையிட்டால் யாருக்கு என்ன? திருத்தம் போனால் நான் பொய்யன், திருடன். தையில் அந்த இடம் போகும். இருக்கிற இடமும் நிலைக்குமா? காஞ்சீபுரத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் எழுதினாள் என்றால் துரைதான் நம்புவாரா? அடுத்த வருஷம் நானே பக்குவமாக ஒரு குறிப்பு எழுதிச் சரி செய்கிறேன். அதுவரை பொறு. அப்பா இருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

சக்ரவர்த்தி

சின்னக் காஞ்சீபுரம்
17-8-1934

சக்ரவர்த்திக்கு ஆசீர்வாதம். குழந்தைக்கு மாந்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல் முளைக்கிற காலம்.

காலையில் தபாலாபீஸில் ரிஜிஸ்தர் செய்து அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. படித்துப் பார். உன்னைத் திருடன் என்று எங்கும் எழுதவில்லை. "சென்ற இதழில் வந்த குறிப்பிலுள்ள தவறு என்னுடையது. பார்த்தவள் நான். நான் முடிக்காமல் கடிதத்தில் எழுதியதை என் தம்பி இங்கிலீஷில் பெயர்த்தார்" என்று மட்டும் இருக்கிறது. இதில் ஒரு சொல் பொய் இல்லை. தவறை என்னுடையது என்று எழுதும்போதுதான் அந்த இரண்டு பக்கமும் என் கைக்குத் திரும்பி வந்தன.

அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. முதலில் எழுதின காகிதத்தில் தேவகியின் பெயர் இல்லை. "ஒரு குடியானவப் பெண் சொன்னாள்" என்று போட்டிருந்தேன். சுத்தப் பிரதி எடுக்கும்போது அந்த இடத்தில் பேனா நின்றது. எனக்கு முன்னால் இத்தனை வருஷம் பார்த்தவள் அவள். அவளுக்குப் பெயர் கிடையாதா? உனக்கு எழுதின கோபமான கடிதத்தின் மை காய்வதற்குள் நானும் அதே காரியத்தைச் செய்யப் பார்த்தேன். அதைக் கிழித்துவிட்டு, "திருப்புட்குழி தேவகி பல வருஷமாகப் பார்த்து எனக்குச் சொன்னது" என்று எழுதினேன்.

அது போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும்.

குமுதவல்லி

நாகபுரி
30-9-1934

அக்காவுக்குத் தம்பி நமஸ்காரம். எட்டு வாரமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். குழந்தை நடக்கிறான். ஹேமா சுகம்.

உன் காகிதம் வந்து சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை துரை என்னை ஏரிக்கு அழைத்துக்கொண்டு போனார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். வண்டியில் போகும்போது வாய் வரவில்லை. கரையில் இறங்கியதும் ஒரு பறவை கத்திக்கொண்டு எழும்பியது. துரை தம் கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "எது? உங்கள் சிவப்பா, மஞ்சளா?" என்றார். மஞ்சள் கால் தெரிந்தது. மஞ்சள் என்றேன்.

இரண்டுக்கும் கால் மஞ்சள்தான் என்று என் பெயரிலேயே அச்சானது அப்போது நினைவுக்கு வரவில்லை. துரை கண்ணாடியைத் திரும்ப வாங்கித் துடைத்தார். "யார் எழுதினது, ஐயங்கார்?" என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். திரும்பும்போது நான் முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

தலைமை குமாஸ்தா இடம் வேறொருவருக்குப் போகும் என்று தெரிந்துவிட்டது. இருக்கிற இடம் இருக்கிறது. ஹேமாவிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள், "அந்தப் புறா அன்றே சொல்லிற்றே" என்றாள்.

நேற்றுத் துரை கூப்பிட்டார். உன் காகிதம் ஜனவரி இதழில் வருகிறது. முப்பத்திரண்டு எட்டு என்ற இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். முதல் குறிப்பைவிட இதுதான் தமக்கு வேண்டியது என்றார். இரண்டு விஷயம் உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார். உன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது, பின்னால் பட்டம் போடலாமா? இரண்டாவது, குடியானவப் பெண்ணின் பெயர் அவசியமா? ஏட்டில் அப்படிப் போடுகிற வழக்கம் இல்லையாம். எடுத்துவிடலாமா என்கிறார்.

நான் பதில் சொல்லவில்லை. நீயே எழுது.

உன் தம்பி,
சக்ரவர்த்தி

சின்னக் காஞ்சீபுரம்
8-10-1934

சிரஞ்சீவி சக்ரவர்த்திக்கு அக்கா ஆசீர்வாதம். குழந்தை நடக்கிறான் என்பதைப் படித்து மனம் குளிர்ந்தது. புடவை தறியிலிருந்து இறங்கிவிட்டது. இந்த வாரம் பார்சலில் வரும். வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்து வந்ததை எழுதினாயே, அது போதும். இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

துரைக்குப் பதில்: என் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் வேண்டாம். குமுதவல்லி, காஞ்சீபுரம், அவ்வளவுதான். தேவகியின் பெயர் இருக்க வேண்டும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் காகிதத்தை அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பிவிடட்டும். வழக்கம் இல்லாவிட்டால் இதிலிருந்து ஆரம்பமாகட்டும்.

சனிக்கிழமை திருப்புட்குழிக்குப் போய் அவளை உட்கார வைத்து, முழுவதையும் தமிழில் சொன்னேன். "என் பேரு எதுக்கும்மா அதுல? எவனாச்சும் வந்து சாட்சி சொல்லுன்னு கூப்புடப் போறான்" என்றாள். பிறகு கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். கேட்டு முடித்ததும், "அது தப்பு" என்றாள்.

"எது தப்பு?"

"கீரி வந்தப்போ செவப்பு மூக்கா மொதல்ல எழுந்தது? மஞ்ச மூக்கு. அதுதான் மொதல்ல கீரி எதிருல ஓடிச்சி. செவப்பு அப்பறமா கத்திக்கினு வந்தது."

"உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"நான்தானே முன்னால நின்னுக்கினு இருந்தேன். நீங்க எட்டு எண்ணிக்கினு இருந்தீங்க."

வீட்டுக்கு வந்து என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். அன்றைய பக்கத்தில் "ஒன்று முதலில் எழுந்தது" என்று மட்டும் இருக்கிறது. எது என்று இல்லை. சத்தம் போடுகிறதுதான் முதலில் எழுந்திருக்கும் என்று பிறகு நானாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆகையால் துரையிடம் சொல்லி, மூன்றாம் பக்கம் ஏழாம் வரியில் "சிவப்பு" என்பதை அடித்து "மஞ்சள்" என்று போடச் சொல். ஓரத்தில், பார்த்தவர் தேவகி என்று எழுதச் சொல். அச்சுக்குப் போவதற்குள் இது சேர வேண்டும். இன்றைய தபாலிலேயே போடுகிறேன்.

உன் அக்கா,
குமுதவல்லி